கல்லூரி இன்னும் திறக்கவில்லையாம்

ஜூலை 8, இரவு

எதிர் அறை அக்காவுக்கு,

ஒரு சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். இதை யாரிடமும் காட்டக்கூடாது. வார்டனிடம் கூடாது, உங்கள் அறைத் தோழியிடம் கூடாது. முக்கியமாக, இப்படி ஒரு கடிதம் வந்ததென்று என் அக்காவுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் செய்ய முடியாதென்றால் இந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உதவித்தொகைத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவியை வழிகாட்டியாக வைப்பார்கள், தன் வழிகாட்டி எதிர் அறையில்தான் இருக்கிறார் என்று போன வருஷம் அக்கா சொன்னாள். அதை மட்டும் வைத்து அக்காவின் அறை எண்ணை எழுதி, பக்கத்தில் 'இதற்கு எதிர் அறை' என்று போட்டிருக்கிறேன். தபால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் அவளுடைய தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கேட்க வந்தது ஒரே கேள்விதான். உங்கள் கல்லூரி திறந்துவிட்டதா இல்லையா?

விடுமுறைக்கு வந்த அக்கா இன்னும் கிளம்பவில்லை. கேட்டால், "லேப் பில்டிங்ல வேலை நடக்குது, இன்னும் தொறக்கல" என்கிறாள். அப்பா நம்புகிறார். அம்மா நம்புவதோடு நிற்காமல் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அடுத்த வீட்டுத் தையல்கார அம்மாவின் மகனும் இன்ஜினீயரிங்தான், வேறு கல்லூரி. அவன் போய் வெகு நாளாகிறது. நேற்று அவர் வாசலில் நின்று, "என்னங்க, உங்க பொண்ணு இன்னும் இங்கயே இருக்கா?" என்று கேட்டார். அம்மா சளைக்கவில்லை. "உங்க பையன் படிக்கறது சின்ன காலேஜ். சீக்கிரம் தொறந்துடும். பெரிய காலேஜ்னா தொறக்கறதுக்கே நாளாகும்" என்றாள். அந்த அம்மா தன் வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. அக்கா படிப்பது மின்னியல் என்று அம்மா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பதால், கெட்டுப்போன சாமான்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. இப்போது கட்டிலுக்கடியில் இரண்டு மின்விசிறி, ஒரு இஸ்திரிப்பெட்டி, ஒரு ரேடியோ இருக்கின்றன. "நாங்க இன்னும் ஃபேன் படிக்கலம்மா" என்று அக்கா சொன்னால், "சும்மா இரு, அவங்க எதிர்ல அப்படிச் சொல்லாத" என்று அம்மா அதட்டுகிறாள். போன வாரம் அக்கா மாடி வீட்டுக்காரர்களின் மிக்ஸியைத் திறந்து பார்த்தாள். மூடி ஸ்விட்சைப் போட்டதும் புகை வந்தது. அம்மா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்: "பழைய மாடல், அவ படிக்கறதெல்லாம் புதுசு."

சிரிக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருநாள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கல்லூரியில் கொடுத்த கணினியை மடியில் வைத்து, அதைத் திறக்காமல், மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. "காலேஜ் தொறந்துடுச்சுதானே?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையே பதில். "யார்கிட்டயாவது வாயத் தொறந்த, உன்கூட சாகறவரைக்கும் பேசமாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். ஏழாம் வகுப்பில் ஒரு தோழியோடு பேச்சை நிறுத்தினாள், அந்தப் பெண் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது அவளுக்காக மட்டும் எழுதும் கடிதம் இல்லை. எனக்கு இயற்பியல் படிக்க ஆசை. அதே திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "பெரியவ முடிக்கட்டும். அது நமக்குச் சரிப்படுதான்னு பாத்துட்டு அப்பறம் உன்னப் பத்தி யோசிக்கலாம்" என்றார். அவள் பாதியில் நின்றால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இரவுக் காவல் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா புரண்டு படுத்தாலும் எனக்குக் கை நின்றுவிடுகிறது. போனில் பேசலாமே என்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில். கடையிலிருந்து பேசினால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும்.

பதிலைப் பள்ளிக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு எழுதுங்கள். முகவரி பின்பக்கம். அந்த அண்ணன் எதையும் கேட்கமாட்டார், அவருக்குத் தன் மெஷினோடு சண்டை போடவே நேரம் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இளையவளின் தங்கை


ஜூலை 12

வாளிமேல் உட்கார்ந்து எழுதும் தங்கச்சிக்கு,

சத்தியம் செய்துவிட்டேன். வலது கையில் டீ இருந்ததால் இடது கையால் செய்தேன், செல்லும் என்று நினைக்கிறேன்.

கல்லூரி ஜூன் பதினாறாம் தேதியே திறந்துவிட்டது. லேப் கட்டிடத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை. நடந்தால் தேவலை, மழை வந்தால் நாங்கள் குடை பிடித்துக்கொண்டுதான் மீட்டர் பார்க்கிறோம்.

உன் அக்காவை இங்கே பூனை என்போம். நடப்பது தெரியாது, வருவது தெரியாது. எதிர் அறையில் இருந்துகொண்டு ஒரு வருஷத்தில் என்னிடம் அவள் பேசியதைக் கூட்டினால் ஒரு பக்கம் வராது. எப்படி இருக்கே என்றால் "நல்லா இருக்கேன்க்கா." பாடம் புரிகிறதா என்றால் "புரியுதுக்கா." அதற்குமேல் நான் கதவை உடைத்துக்கொண்டா போக முடியும்? வழிகாட்ட எனக்கு மொத்தம் ஐந்து இளையவர்கள். ஒருத்தி கூட்டத்துக்கு வந்து தூங்குகிறாள். ஒருத்தி எதைக் கேட்டாலும் அழுகிறாள். மூன்றாவது ஆள் மாதத்துக்கு ஒருமுறை பிரிவை மாற்ற வேண்டும் என்கிறாள். இதற்கு நடுவில் என் கடைசி வருஷ ப்ராஜெக்ட் வேறு. சத்தமே போடாத உன் அக்காவைத்தான் நான் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு இதுதான் புரியவில்லை. கல்லூரிக் கட்டணம் திட்டம் கட்டுகிறது. விடுதிக்கும் அதுவே கட்டுகிறது. கணினி கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், மாதாமாதம் கூட்டம் போட்டு பிஸ்கட் வேறு. அப்படியும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேர், மூன்று பேர் விடுமுறைக்குப் போய் அப்படியே காணாமல் போகிறார்கள். ஏன் என்று கேட்டு எங்களிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் மூன்று கட்டம்தான்: உடல்நலம், திருமணம், பிற. நான் இதுவரை எல்லோருக்கும் 'பிற' என்றுதான் குறி போட்டிருக்கிறேன். எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

நீ கேட்டுச் சொல். உடம்பு சரியில்லையா, யாராவது தொந்தரவு செய்தார்களா, காதலா? ஜூலை 28 திங்கட்கிழமை பதிவுக்குக் கடைசி நாள். அன்றைக்கு அலுவலகம் மூடுவதற்குள் அவள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் திட்டத்தில் அவள் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இது என் கையில் இல்லை, யார் கையிலும் இல்லை.

அன்புடன்,
எதிர் அறை


ஜூலை 17, இரவு

எதிர் அறை அக்காவுக்கு,

என் அக்கா பூனையா? நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் அவள் பேசினால் மாடி வீட்டில் பதில் சொல்வார்கள். குழாயடியில் அவளோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்தது கிடையாது. அங்கே வந்து ஊமையாகிவிட்டாள் என்றால், நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவளை என்னதான் செய்தீர்கள்?

கேட்டுவிட்டேன். நானாகக் கேட்கவில்லை, இஸ்திரிப்பெட்டி கேட்க வைத்தது. நேற்று மாலை அம்மா இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அக்கா இஸ்திரிப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. ஒரு இழவும் தெரியாது. இவங்க எல்லாரும் கொண்டாந்து கொண்டாந்து வெக்கறாங்க."

"தெரியலன்னா கத்துக்கத்தானே போறே?"

"எங்க போறேன்? முப்பத்தொண்ணு மார்க். மின்சுற்றுப் பாடத்துல ஃபெயில். தெரியுமா உனக்கு?"

"மத்ததுல?"

"மத்ததெல்லாம் பாஸ்தான். அது இல்ல விஷயம். மார்க் வந்த அன்னைக்கு அந்தப் பாடத்து மேடம் என்னைய வராண்டாவுல நிறுத்தினாங்க. எல்லாரும் போறாங்க, வராங்க. 'நீ என் ரூமுக்கு வா'ன்னாங்க. நான் போகல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் பாத்துட்டாங்க. 'ரூமுக்கு வரச் சொன்னேனே, ஏன் வரல'ன்னாங்க."

"போனியா?"

"போறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? பெட்டியக் கட்டிட்டு வந்துட்டேன். அவங்களா அனுப்பினா அப்பாவுக்குக் கடிதாசி வரும். நானா வந்துட்டா யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் போனா போன் கடையில வேல கெடைச்சிருக்கு, படிச்சுக்கிட்டே பாக்கறேன்னு சொல்லிக்கலாம்."

அவ்வளவுதான். உடம்பும் இல்லை, காதலும் இல்லை. உங்கள் தாளில் இதற்குக் கட்டம் இருக்கிறதா?

உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படி இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அங்கே மேற்பார்வையாளர் தன் அறைக்கு ஒருத்தியைக் கூப்பிட்டால், மற்றவர்கள் அவளுடைய சாப்பாட்டுப் பையை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொள்வார்களாம். திரும்பி வருகிறவளுக்குப் பையை எடுக்கக்கூட உள்ளே அனுமதி இருக்காது. அப்பாவை முன்பிருந்த கம்பெனியில் ஒரே ஒருமுறை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் அன்றைக்கு முழுவதும் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் எங்களைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டால் பெற்றோரைக் கூட்டி வா என்று அர்த்தம். அறைக்குக் கூப்பிட்டு யாரும் யாருக்கும் நல்லது சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

அக்கா, அந்த மேடம் அவளை அனுப்பிவிடத்தான் கூப்பிட்டாரா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். என் புத்தகங்களை நான் வேறு மாதிரிப் படித்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால், ஒரு வருஷம் எதிரிலேயே இருந்துகொண்டு நீங்கள் ஏன் அவளிடம் சொல்லவில்லை? பிஸ்கட் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதை அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்பதால் அப்படியே விடுகிறேன்.

உங்கள் இளையவளின் தங்கை


ஜூலை 22

தங்கச்சிக்கு,

அடிக்காமல் விட்டது நல்லது. நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். பிறகு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அந்த மேடம் எதிரில் வருவதைப் பார்த்து நான் ஆண்கள் கழிப்பறைக்குள் ஓடி ஒளிந்திருக்கிறேன். என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அறைக்குக் கூப்பிடுவது என்றால் என்னவென்று எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததை எப்போது மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

நேற்று மேடத்திடம் போனேன். உனக்குச் செய்த சத்தியத்தால் யார் பெயரையும் சொல்லவில்லை. "மார்க் குறைஞ்சவங்கள ரூமுக்குக் கூப்பிடறீங்களே மேடம், எதுக்கு?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குன்னா? கணக்குச் சொல்லிக் குடுக்கத்தான். தினம் நாலு மணிக்கு மேல அது அவங்களுக்குன்னே ஒதுக்கின நேரம். அதுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம். இங்க பாரு, எல்லா நாற்காலியும் காலி. பத்துப் பேரக் கூப்பிட்டா ஒருத்தர் வர்றதில்ல. அக்கறை இல்லாத பசங்க."

"பயந்திருப்பாங்க மேடம்."

"எதுக்கு பயம்? நான் என்ன கடிச்சா திங்கறேன்?"

அப்புறம் நான் சொன்னேன், எங்கள் வீடுகளில் அறைக்குக் கூப்பிட்டால் வேலை போகும் என்று. மேடம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட இத எங்கிட்ட சொல்லலியே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் அறைக்குள் வந்தால்தானே சொல்வார்கள்.

யார் வருகிறார்கள் தெரியுமா? தொண்ணூறு வாங்கின பிள்ளைகள். டாக்டர் வீட்டுப் பையன், வக்கீல் வீட்டுப் பெண். கூப்பிடாமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏன் மூன்று மார்க் குறைத்தீர்கள் என்று சண்டை போடுகிறார்கள். அறை என்பது உட்காருவதற்கான இடம் என்று அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

முப்பத்தொன்று மோசமான மார்க்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாடத்தில் தவறினால் திட்டத்திலிருந்து எடுக்க மாட்டார்கள். அடுத்த தேர்வில் மறுபடி எழுத வேண்டும், அவ்வளவே. நான் இரண்டு பாடத்தை அப்படி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

இப்போது என்னைச் சத்தியத்திலிருந்து விடு. உன் பதில் வந்த பிறகு நான் நேராக அவளுக்கு எழுதித் தபால் போய்ச் சேர்வதற்குள் 28 தாண்டிவிடும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுகிறாயா? காட்டினால் உன்னோடு பேசமாட்டாள் என்று தெரியும். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எதிர் அறை


ஜூலை 28, விடியாத நேரம்

எதிர் அறை அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை, இருந்தாலும் காட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கடைக்கு வந்தது. அன்றைக்கே அக்காவிடம் கொடுத்தேன். பக்குவமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "இந்தா, படி. நான் எழுதினேன், அவங்க பதில் எழுதியிருக்காங்க. பேசாம இருக்கணும்னா இருந்துக்கோ" என்று கையில் திணித்தேன். அடுப்படியில் நின்றே படித்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அம்மா வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். அம்மா போன பிறகு, "என் மார்க்க ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் எழுதிட்டல்ல? இனிமே எங்கிட்ட பேசாத" என்றாள்.

பேசவில்லை. சனிக்கிழமை முழுக்க எல்லாம் அம்மா வழியாகத்தான். "அம்மா, அவளத் தள்ளி உக்காரச் சொல்லு." "அம்மா, அவ என் துண்ட எடுத்துட்டா." அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "ரெண்டு கழுதைங்களுக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று கத்தினாள். ராத்திரி நான் என் பக்கத்தில் படுத்திருந்தவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று தையல்கார அம்மா தையல் மெஷினின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதும் போல அக்கா வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"எனக்கு இது தெரியாதும்மா. நான் இன்னும் படிக்கல. ரிப்பேர் கடையில குடுத்துடுங்க. மத்தவங்க குடுத்ததையும் திருப்பிக் குடுக்கப்போறேன்."

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா படி இறங்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "மானத்த வாங்கிட்டியேடி. அப்பறம் இத்தன நாளா காலேஜுல என்னத்தத்தான் படிச்ச?"

"அதான் எனக்கும் தெரியலம்மா. யாரையாவது கேக்கணும்."

ராத்திரி அப்பா வேலைக்குக் கிளம்பும்போது டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "எப்பதாம்மா தொறக்கறாங்களாம்?" என்று கேட்டார். அக்கா அவருடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பி மூடிக் கையில் கொடுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விடிந்தால் திங்கட்கிழமை. அவள் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் விழித்துப் பார்த்தபோது பாயில் இல்லை. எழுந்து தேடவும் தைரியம் வரவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். போகாவிட்டால் என் கணக்கு இப்படி முடிகிறது: அக்காவும் போனாள், கல்லூரியும் போயிற்று, இரண்டையும் நானே கெடுத்துக்கொண்டேன். நீங்கள் கேட்டதைச் செய்தது சரிதானா என்று இந்த வாளிமேல் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். சரி என்றும் வருகிறது, அழுகையும் வருகிறது.

உங்கள் எல்லோர் மேலும் எனக்கு எரிச்சல் தீரவில்லை. கட்டணம் கட்டுகிறீர்கள், கணினி கொடுக்கிறீர்கள், வழிகாட்டி வைக்கிறீர்கள். அறைக்கு வா என்றால் வந்து உட்கார் என்று அர்த்தம், பையைத் தூக்கு என்று இல்லை என்பதை முதல் நாளே யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், தையல்கார அம்மாவின் எதிரில் எங்கள் அம்மா இவ்வளவு பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த மேடத்திடம் இதையும் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள், பரவாயில்லை. அடுத்த வருஷம் நான் விண்ணப்பித்தால், போன ஆளின் தங்கை என்று ஒதுக்கிவிடுவார்களா? அதை மட்டும் விசாரித்து

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. விளக்கை அணைக்க

தட்டியது அம்மா இல்லை.

"ஏய், உள்ள எவ்ளோ நேரமாடி எழுதுவ? வெளிய வா. நான் குளிச்சிட்டு அஞ்சரை பஸ்ஸப் புடிக்கணும். அத விட்டா கையெழுத்துப் போட நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது."

எதிர் அறை அக்கா, அவள் பேசியது அம்மா வழியாக இல்லை, நேராக என்னிடமே